ஸ்கூட்டர் டிக்கியில் அரை மணி நேரம்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு அறிமுக நாளாம், நான் வந்து அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமாம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணுகிறது. திருமுல்லைவாயிலிலிருந்து அங்கே போக இரண்டு வண்டி மாற வேண்டும். இருந்தாலும் போனேன். வருஷா வருஷம் போகிறேன்.

அந்தக் கதை என்னவென்றால், ஈ ரூம் ஏழுமலை, அதாவது நான், ஒரு தப்புப் பண்ணினான். தப்பு என்று தெரிந்த மறுநாளே ஓடி வந்து லேப் தலைவர் மேடத்திடம் சொன்னான். அதனால் ஒரு பெண்ணின் நல்ல பெயர் பிழைத்தது. இவ்வளவுதான். நான் சொல்லி முடித்ததும் கைதட்டுவார்கள். ஒரு சமோசா, ஒரு டீ. வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இந்த வருஷம் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். மழை நின்றது மார்கழிக்கு முன்னால் என்றீர்கள், மேடத்திடம் சொன்னது பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் என்றீர்கள், நடுவில் ஐந்து வாரம் இருக்கிறதே சார், அப்போது என்ன நடந்தது என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. கணக்கு இடித்தது, கேட்டாள். இந்தத் தொழிலுக்கு அப்படிப்பட்ட பிள்ளைதான் வேண்டும். வயசாகிவிட்டதும்மா, ஞாபகம் இல்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஞாபகம் இல்லாமல் என்ன. அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள் விடாமல் ஞாபகம் இருக்கிறது. சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. பொய்யைக் கட்டிக் காப்பது வேலைக்குப் போவதைவிட அலுப்பு. அதனால் இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்கிற கம்பெனியில் இருந்தேன். அதை இழுத்து மூடினார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பூந்தமல்லிப் பக்கம் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற ஆளாகச் சேர்ந்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஈ ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே பழ ஈ வளர்ப்பார்கள். அழுகின வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்குமே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, அதேதான். பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது, எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா கிடக்கிறது என்று பார்க்க அதைவிட வசதியான உயிர் கிடையாது. வீட்டில் சொன்னபோது என் மனைவி ஜெயா, "ஊரே ஈய அடிச்சிகினு கீது, நீ வளக்கப் போறியா?" என்றாள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் வளர்த்தேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்யாவிட்டால் எல்லாம் பாழ். முதலில் ஈக்குச் சாப்பாடு காய்ச்ச வேண்டும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கட்டியாவதற்கு அகர். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கி, பாத்திரம் கை தாங்கும் சூட்டுக்கு வந்தபிறகுதான் பூஞ்சைக்கான மருந்தைக் கலக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் மருந்து ஆவியாகிப் போய்விடும், ஒரே வாரத்தில் குழாய்க்குள் பச்சை மயிர் முளைக்கும். குழாயில் இரண்டு விரற்கடை ஊற்றி, மெல்லிய துணி போர்த்தி, மறுநாள் பஞ்சு அடைக்க வேண்டும். பதினாலு நாளைக்கு ஒருமுறை பழைய குழாயை மேஜையில் தட்டி, புதுக் குழாயின் வாயில் கவிழ்த்து, ஈக்களை மாற்றி, அடைத்து, சீட்டு ஒட்ட வேண்டும். அடைப்பதற்குள் ஒரு ஈ தப்பி, வேறு குழாயில் நுழைந்துவிட்டால் அந்த வம்சமே கலப்படம்.

அப்புறம் கன்னி எடுப்பது. கலப்புச் செய்ய ஆணைச் சேராத பெண் ஈ வேண்டும். கூட்டிலிருந்து வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும், வெளுப்பாக, வயிற்றில் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும். வாயு கொடுத்து மயக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே பெயின்ட் பிரஷால் ஒதுக்குவேன். காலையில் ஆறு மணிக்கே வந்து அதைச் செய்வேன். பிஎச்.டி பிள்ளைகளுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை மறைப்பானேன். இங்கே நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கர்வம்தான் காரணம்.

எங்கள் லேபுக்குத் தலைவர் பத்மாசினி மேடம். தஞ்சாவூர்ப் பக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கத்துகிற மேலதிகாரி எவ்வளவோ தேவலை, இவரிடம்தான் எங்களுக்குப் பயம். ஏதாவது தப்பு நடந்தால் கூப்பிட்டு உட்காரச் சொல்வார். நோட்டைத் திறப்பார். மூன்றே கேள்வி. என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு, அது உங்களுக்கு எப்போது தெரிந்தது. நாம் சொல்லச் சொல்ல எழுதுவார். முடிந்ததும் நமக்கே படித்துக் காட்டி, "இப்படியே எழுதிக்கறேன், சரியா?" என்பார். சரி என்றால் பேனாவை மூடுவார். திட்டு கிடையாது. ஆனால் நாம் சொன்னது நம் வாயை விட்டுப் போய் அங்கே தாளில் உட்கார்ந்துகொண்டு நம்மையே பார்க்கும். என்னைப் பற்றி அவர் வெளி ஆட்களிடம் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "ஏழுமலை கை பட்ட குழாயை நான் திரும்பப் பார்க்கறதில்லை." அந்த ஒரு வரிக்காக நான் காய்ச்சலோடுகூட வந்திருக்கிறேன்.

ரேவதி சேர்ந்தது என் கடைசிப் பத்து வருஷத்தில். திருவேற்காட்டுப் பெண். அவள் அப்பா திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவர். தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அதில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் நாளே ஒரு குழாயைக் கீழே போட்டு உடைத்து, நாற்பது ஈயும் ரூம் முழுக்கப் பறக்க, மேடம் வருவதற்குள் பிடித்துவிடலாமா ண்ணா என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வினிகர் கிண்ணம் வை, தானாக வந்து விழும் என்றேன். அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் ஒரு பாசம். என் மகள்களைவிட இவளோடு அதிகம் பேசியிருப்பேன்.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த உயிருக்கும் வெயில் தாங்க உள்ளே சில மரபணுக்கள் உண்டு. சாதாரண நாளில் அவை சும்மா கிடக்கும். சூடு பட்டால் சில நிமிஷத்தில் விழித்து வேலையை ஆரம்பிக்கும். ரேவதி இரண்டு வருஷம் கலப்புச் செய்து, ஒரு மரபணு பழுதான ஈ வம்சங்கள் நாற்பத்தெட்டை உருவாக்கினாள். அந்த ஈக்களை அரைத்து, எந்த மரபணு ஓடுகிறது என்று காட்டிக்கொடுக்கும் ஆர்.என்.ஏவை எடுத்து, மெஷினில் போட்டுப் பார்த்தால், சூடே படாமல் வெயில் மரபணுக்கள் முழு வேகத்தில் ஓடின. சாதா ஈயில் இல்லை, பழுது ஈயில் மட்டும். பத்துத் தடவை செய்தாள், பத்துத் தடவையும் அப்படியே வந்தது. மேடம் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம். வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். ஈ ரூம் பழைய கட்டடத்தில், இருபத்தைந்து டிகிரியில். மெஷினெல்லாம் புதுக் கட்டடத்தில். நடுவில் அரை கிலோமீட்டர், பாதி வழியில் கேன்டீன். குழாய்களை தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு, எங்கேயும் நிற்காமல் கொண்டு போக வேண்டும் என்பது மேடத்தின் விதி. ரேவதி காலை பத்து மணிக்குச் சாதா ஈயை அரைப்பாள், மதியம் இரண்டு மணிக்குப் பழுது ஈயை. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று எப்போதும் அதே வரிசை. அதை மாற்றி மாற்றிச் செய்திருக்க வேண்டும். அது அவள் தப்பு, பார்க்காமல் விட்டது மேடத்தின் தப்பு. இரண்டும் சின்னத் தப்பு.

பெட்டியின் மூடி ஒருநாள் உடைந்தது. புதுசு கேட்டு எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. குழாய்களைத் துணியில் சுற்றி என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் டிக்கியில் வைத்துக் கொண்டுபோக ஆரம்பித்தேன். காலை நடையில் நேரே போய்விடுவேன். மதியம் கேன்டீனில் நிறுத்துவேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். புதுக் கட்டடம் போய்விட்டுத் திரும்பினால் சாப்பாடு தீர்ந்து, வெறும் தயிர்சாதம்தான் இருக்கும். அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டு, பிறகு கொண்டு போய்க் கொடுப்பேன். ஸ்கூட்டர் வெயிலில் நிற்கும். அடியில் எஞ்சின் சூடு. இதில் என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை. கொடுக்கும்போது ஈக்கள் சுரத்தில்லாமல் கிடக்கும். ஈக்கும் மதியம் கண் அசரும் என்று படித்த பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். நானும் அதுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நல்ல மழை. நிலையத்துக்குள் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டரை வீட்டில் விட்டு, ரயிலிலும் வேனிலும் வந்தேன். கேன்டீனும் மூடிக் கிடந்தது. குழாய்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்து போய்க் கொடுத்தேன். ஒன்பது நாள் அப்படி. அந்த ஒன்பது நாளில் ரேவதி செய்த மூன்று தடவையிலும் பழுது ஈயில் ஒன்றுமே வரவில்லை. சாதா ஈ மாதிரியே இருந்தது. மெஷினைச் சந்தேகப்பட்டார்கள், மருந்தைச் சந்தேகப்பட்டார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டு ஈ ரூமில் ஏதாவது மாற்றமா என்று கேட்டார். இல்லை என்றேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

மழை விட்ட முதல் நாள் நல்ல வெயில். ஸ்கூட்டரில் வந்தேன். மதியம் வழக்கம்போல் குழாய்களை டிக்கியில் வைத்து, கேன்டீனில் நிறுத்திச் சாப்பிட்டேன். பேத்திக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் காலையிலேயே அதே டிக்கியில் போட்டிருந்தேன். புதுக் கட்டட வாசலில் சீட்டைத் தூக்கியதும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. சாக்லேட் உருகி, காகிதத்தை விட்டு வெளியே வந்து துணியில் ஊறியிருந்தது. குழாய்களின் உட்சுவரில் வேர்வை. ஈக்கள் அடியில் கிடந்தன.

துணியைப் பிடித்தபடி நின்றேன். சூடு பட்டால் விழிக்கும் மரபணு. காலையில் நேரே போகிற சாதா ஈ. மதியம் டிக்கியில் வேகிற பழுது ஈ. மழை பெய்த ஒன்பது நாள். நான் எட்டாவது வரை படித்தவன், ஆனால் அதைப் புரிந்துகொள்ள எட்டாவது போதும்.

அங்கிருந்து மேடத்தின் அறைக்கு நூறு அடி. போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாய்களைப் பழைய கட்டடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய், கழுவுகிற தொட்டியில் போட்டேன். வேறு குழாய்களை எடுத்துக்கொண்டு, நடந்தே போய் ரேவதியிடம் கொடுத்து, முதலில் எடுத்ததில் பூஞ்சை பிடித்திருந்தது, அதனால் தாமதம் என்றேன். சரி ண்ணா என்றாள். அன்றிலிருந்து டிக்கியில் வைக்கவில்லை, கேன்டீனில் நிற்கவில்லை. ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்துவிட்டோம், இனி சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது. நான் ஒழுங்காகச் செய்யச் செய்ய, அவளுடைய முடிவு திரும்பி வரவே இல்லை. அவள் பத்துத் தடவை பார்த்தது இனி ஒரு தடவைகூட வராது. அதை அப்படி ஆக்கியது நான், அதற்குக் காரணம் தெரிந்த ஒரே ஆளும் நான்.

முதல் வாரம் அவள் இரவு பகல் பார்க்காமல் செய்தாள். இரண்டாவது வாரம் மேடம் அவளுடைய நோட்டுகளை எல்லாம் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கட்டுரையை நிறுத்தினார்கள். வேறு ஊர் லேபுக்கு ஒரு குழாய் ஈயை அனுப்பியிருந்தார்கள், மொத்தத்தையும் அரைத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மூன்றாவது வாரம் விசாரிக்க இரண்டு பேரைப் போட்டார்கள். எண்களை அவளே எழுதிக்கொண்டாள் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கேன்டீனில் அவள் தட்டை வைத்த மேஜையில் மற்றவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தார்கள். அதற்குப் பெயர் என்ன, நீங்களே சொல்லுங்கள்.

நான் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அதுவல்ல. மேடம் அந்த வாக்கியத்தை இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டார். அவ்வளவுதான் காரணம். ஒரு வாக்கியத்துக்காக ஒரு பெண்ணை வேக விட்டேன். ஜெயா கேட்டாள், உடம்புக்கு என்ன, சோறு அப்படியே கிடக்கிறது என்று. சர்க்கரை ஏறிவிட்டது என்றேன். ராத்திரி படுத்தால் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்று தோன்றும். ஐந்து வாரம் இப்படித்தான் போயிற்று.

நான்காவது வாரக் கடைசியில் ரேவதி ஈ ரூமுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. தன் வம்சங்கள் எங்கேயோ கலப்படமாகிவிட்டன, அதனால்தான் வரவில்லை என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மேடம் வைத்திருக்கச் சொன்னார், அவள் கேட்கவில்லை. தன் குழாய்கள் இருந்த மூன்று தட்டுகளையும் அலமாரியிலிருந்து இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"ண்ணா, எல்லாத்தையும் ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. என்னால முடியல. பாத்தாலே குமட்டுது."

வேண்டாத ஈக்களை ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுதான் ஒழிப்போம். நாற்பத்தெட்டுக் குழாய். இரண்டு வருஷக் கலப்பு. அதில் பாதிக்குக் கன்னி எடுத்துக் கொடுத்தது நான். எல்லாம் உயிரோடு, சுத்தமாக, கலப்படம் எதுவும் இல்லாமல் இருந்தன. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தட்டுகள் திரும்ப அலமாரிக்குப் போயிருக்கும். இரும்மா, ஒரு வாரம் பொறுத்துப் பார் என்றாவது சொல்லியிருக்கலாம். சரிம்மா என்றேன். அவள் போனபிறகு ஃப்ரீசரைத் திறந்து மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினேன். மறுநாள் எடுத்துக் கழுவப் போட்டேன். சீட்டுகளில் அவள் கையெழுத்து இருந்தது, தண்ணீரில் ஊற வைத்து உரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வரவில்லை. ஒருநாள் சாயந்திரம் கேட்டுக்கு வெளியே அவள் அப்பா வேனை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். மகளின் மேஜையில் இருந்த சாமானை எடுத்துப்போக வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியும். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பெரிய படிப்புப் படித்த ஆளிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார்.

"பொண்ணு சாப்ட மாட்டேங்குது அண்ணாத்தே. ஊட்ல ரூமை சாத்திகினு கீது. பொய்யா எய்திடுச்சின்னு சொல்றாங்களாமே. எனக்கு இந்தப் படிப்புலாம் இன்னா தெரியும். நீங்க கூடவே கீறீங்க. நீங்க சொல்லுங்க, எம் பொண்ணு அப்படிப் பண்ணுமா?"

"பண்ணாதுபா. சத்தியமா பண்ணாது" என்றேன்.

"அப்போ அத்த அந்த மேடத்தாண்ட சொல்லுங்க அண்ணாத்தே."

வேறொன்றும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கி வேனின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ரேவதியையும் கூப்பிடுங்கள் என்றேன். அவள் வர ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை என்னை உட்காரவைத்து, மேடம் எதிரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்கவில்லை. ரேவதி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடம் நோட்டைத் திறந்தார்.

என்ன செய்தீர்கள். சொன்னேன். மூடி உடைந்ததிலிருந்து, டிக்கி, கேன்டீன், மழை, வாளி எல்லாம். எத்தனை மணிக்கு. ஒன்றிலிருந்து ஒன்றரை. பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரேவதி என்னைப் பார்க்கவில்லை, மேடத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சது, ஏழுமலை?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கை மேஜை மேல் இருந்தது. மெலிந்துபோய், நகத்தைச் சுற்றிக் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. ஐந்து வாரம் என்று சொன்னால் அந்த ஃப்ரீசரையும் சொல்ல வேண்டும்.

"நேத்து சாயங்காலம், மேடம். மழைக்கப்புறமும் நடந்தே கொண்டுபோய்ப் பழகிட்டதால தோணல, நேத்து வண்டியில கை சுட்டப்போதான் புரிஞ்சது."

எழுதினார். படித்துக் காட்டினார். நேற்று மாலை வண்டியில் கைவைத்தபோது சூடு பட்டு யோசித்ததாகவும், இன்று காலையே தானாக வந்து தெரிவித்ததாகவும். "இப்படியே எழுதிக்கறேன், சரியா?" என்றார். சரி என்றேன். பேனாவை மூடினார். ரேவதி அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேங்க்ஸ் ண்ணா, தேங்க்ஸ் ண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு அவமானம் எனக்கு வந்ததில்லை. அது அவமானம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் மோசம்.

மேடம் அதோடு விடவில்லை. மூன்று நாள் என் ஸ்கூட்டர் டிக்கியில் சூடு குறிக்கிற கருவியை வைத்து, அதே கேன்டீன் வாசலில் அதே நேரம் நிறுத்தச் சொன்னார். சாதா ஈக்களையும் உள்ளே வைத்தார். அவற்றிலும் வெயில் மரபணுக்கள் அப்படியே ஓடின. ரேவதி எழுதின எண் ஒவ்வொன்றும் அவள் கண்ணால் பார்த்த எண்தான் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பெயர் பிழைத்தது. ஆனால் கண்டுபிடிப்பு என்று ஒன்று கிடையாது. வம்சங்களும் கிடையாது. மறுபடி முதலிலிருந்து கலப்புச் செய்ய அவளுக்கு இன்னும் இரண்டரை வருஷம் பிடித்தது. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இரண்டரை வருஷமும் காலை ஆறு மணிக்கு நான்தான் அவளுக்குக் கன்னி எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. அதனால் எதுவும் சமமாகிவிடாது, தெரியும்.

அவளுடைய ஆய்வேட்டில் முதல் பக்கத்தில் நன்றி எழுதியிருந்தாள். அப்பா, அம்மாவுக்குப் பிறகு என் பெயர். 'தெரிந்த மறுநாளே வந்து உண்மையைச் சொன்ன ஏழுமலை அண்ணனுக்கு.' பைண்டு பண்ணின பிரதி ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயா அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை. மேடம் ஓய்வு பெற்று மகனிடம் வெளிநாடு போய்விட்டார். போகும்வரை அந்த வாக்கியத்தை மாற்றி வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலையும் தப்புச் செய்வார், ஆனால் ஒருநாள்கூட மறைக்க மாட்டார் என்று.

அறிமுக நாள் முடிந்து வந்து இரண்டு நாள் ஜெயா கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ரேவதிக்குப் போன் பண்ணினேன். இப்போது வெளியூரில் சொந்தமாக ஒரு லேப் வைத்திருக்கிறாள், ஆறு பிள்ளைகள் அவளிடம் படிக்கிறார்கள். எடுத்ததும் முழங்கால் எப்படி இருக்கிறது, மருந்து போட்டாச்சா என்று ஆரம்பித்தாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நடுவில் பேசாதே, பேசினால் நின்றுவிடுவேன் என்றேன். சாக்லேட்டிலிருந்து சொன்னேன். தொட்டியில் கொட்டியது, பூஞ்சை என்றது, நடந்து போனது. முழுதும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ குழாய்த் தட்டை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினாள் போலிருக்கிறது, அப்புறம் சத்தம் இல்லை.

"நான் ஃப்ரீசர்ல வெக்கச் சொன்னேனே. அன்னிக்கு?"

"தெரியும்மா."

போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, இருந்தாள்.

"எங்கிட்ட வர்ற ஒவ்வொரு பையனுக்கும் பொண்ணுக்கும் மொத நாள் உங்க கதையத்தான் சொல்றேன். தப்புப் பண்ணா மறுநாளே வந்து சொல்லுங்க, எங்க அண்ணன் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாருன்னு. அத நம்பி அவங்களும் வந்து சொல்றாங்க. போன வாரம்கூட ஒரு பையன் அழுதுகினே வந்து சொன்னான். இனிமே நான் இன்னா சொல்லட்டும்?"

இவ்வளவு படித்து, எத்தனையோ ஊர் போய் வந்தவள். அந்த 'இன்னா'வை அவள் வாயில் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொல்லும்மா என்றேன். வேறு என்ன சொல்வது.

"அப்போ எழுதி அனுப்புங்க. ஒண்ணு விடாம. ஃப்ரீசரும் அதுல இருக்கணும்."

சரி என்றேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஒரு வாரம் ஆகும் என்றேன். பரவாயில்லை என்றாள். எப்போது பேசினாலும் கடைசியில் வெச்சிடறேன் ண்ணா, உடம்பப் பாத்துக்கோங்க ண்ணா என்பாள். அன்று, "வெச்சிடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.